நாலு லேப், ஒரு விண்ணப்பம்: எதைச் சொல்வது, எதை விடுவது?

இந்த முறை வந்த கடிதம் ரொம்ப நீளம். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவர் உயிரியல் இளங்கலை நான்காம் ஆண்டு மாணவி. அமெரிக்காவில் நேரடியாக பிஎச்டி சேர விரும்புகிறார். ஐரோப்பாவில் சில இடங்களையும் பார்த்து வைத்திருக்கிறார். படிக்கும்போதே நான்கு இடங்களில் ஆய்வு வேலை செய்திருக்கிறார். முதலாம் ஆண்டுக் கோடையில் 8 வாரம் ஒரு தாவரவியல் லேப்: இலையின் அடிப்பக்கம் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்து, அந்த அச்சில் உள்ள இலைத்துளைகளை மைக்ரோஸ்கோப்பில் எண்ணும் வேலை. இரண்டாம் ஆண்டில் புரதங்களின் அசைவைக் கணினியில் உருவகப்படுத்தும் ஒரு குழு. அதை 5 மாதத்தில் விட்டுவிட்டார். கைடுடன் பேச்சுவார்த்தையே இல்லாமல் போய்விட்டது. மூன்றாம் ஆண்டுக் கோடையில் 10 வாரம், ஜீப்ரா மீன் குஞ்சுகளின் நடத்தையை ஆராயும் நரம்பியல் லேப். இப்போது இறுதியாண்டு புராஜெக்ட், பறவைக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்துப் புள்ளியியல் மாதிரி போடுவது.

அவருடைய கவலைகள் இவை. "நாலு மரத்துக்கும் தாவிய குரங்கு மாதிரி தெரியுமே, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடு" என்று ஒரு சீனியர் சொல்லியிருக்கிறார். பேப்பர் எதிலும் பெயர் இல்லை. மீன் லேப்பின் கட்டுரையில் நன்றிப் பகுதியில் மட்டும் இருக்கிறது. பரிந்துரைக் கடிதத்தை அந்த லேப்பில் இரண்டே முறை பேசிய பெரிய பேராசிரியரிடம் கேட்பதா, தினமும் கூட இருந்த போஸ்ட்டாக்கிடம் (பிஎச்டி முடித்து அங்கே ஆய்வு செய்பவர்) கேட்பதா என்று தெரியவில்லை. இன்னொரு பேராசிரியர், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். இப்போதைக்கு 15 பல்கலைக்கழகங்கள் பட்டியலில் இருக்கின்றன.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

உங்கள் சீனியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த யோசனையைக் கேட்காதீர்கள். சில ஆண்டுகள் மாணவர் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். இருபது, இருபத்தொரு வயதில் ஒருவர் ஒரே தலைப்பில் ஊறிப்போயிருக்க வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. இளங்கலையில் லேப் கிடைப்பதே பாதி தற்செயல்: யார் இடம் கொடுத்தார்கள், எந்தக் கோடையில் யாருக்கு நிதி இருந்தது என்பதைப் பொறுத்தது. படிக்கிற பேராசிரியர்களுக்கும் இது தெரியும், அவர்களும் அப்படி வந்தவர்கள்தானே. நான்கு லேப் என்பதைப் பார்த்ததும் அவர்கள் மனதில் எழும் கேள்விகள் வேறு. ஒவ்வொரு இடத்திலும் இவர் சொன்னதை மட்டும் செய்தாரா, தானாகவும் எதையாவது செய்தாரா? ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனபோது ஏதாவது காரணம் இருந்ததா, இல்லை சலித்துப்போய்ப் போனாரா?

இரண்டாவது கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாவிட்டால், படிப்பவர் தானே ஒரு பதிலை ஊகித்துக்கொள்வார். அங்கேதான் ஆபத்து.

இழை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது

"என் அனுபவங்களுக்கு நடுவே எந்தத் தொடர்பும் இல்லை" என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிறகு போகிற போக்கில் மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறீர்கள், அவற்றின் அருமை தெரியாமலே. இலைத்துளை எண்ணும்போது உங்கள் எண்ணிக்கையும் கூட வேலை பார்த்தவரின் எண்ணிக்கையும் ஒத்துவராததால், இருவரும் ஒரே அச்சுகளை மாற்றி மாற்றி எண்ணிப் பார்த்தீர்கள். மீன் லேப்பில் வீடியோ பார்த்துக் கையால் குறிப்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருவதைக் கவனித்து, பைத்தானில் ஒரு நிரல் எழுதினீர்கள். இப்போது செய்துகொண்டிருக்கும் பறவைப் புராஜெக்டின் அடிப்படையே, கண்ணில் படாத பறவை அங்கே இல்லாத பறவை என்று ஆகிவிடாது என்பதுதான். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன பதிவுகளை வைத்து, இருந்தும் தென்படாமல் போகும் வாய்ப்பைப் பிரித்துக் கணக்கிடுகிறீர்கள்.

இலை, மீன், பறவை என்று பார்த்தால் மூன்றும் மூன்று திசை. ஆனால் மூன்று இடத்திலும் உங்களை உறுத்தியது ஒன்றேதான்: மனிதர் கண்ணால் பார்த்து எடுத்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? இதை யாரும் உங்களைச் செய்யச் சொல்லவில்லை என்பது முக்கியம். முதல் இரண்டு இடங்களில் நீங்களாகச் செய்தீர்கள். மூன்றாவதை நீங்களாகத் தேர்ந்தெடுத்தீர்கள்.

புரத உருவகப்படுத்தல் இந்த வரிசையில் சேராது. சேர்க்கவும் வேண்டாம். நான்கையும் ஒரே நூலில் கோத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, "சிறு வயதிலிருந்தே அளவீட்டின் மீது எனக்குத் தீராத காதல்" என்று ஆரம்பிக்கும் எஸ்ஓபிக்களை (விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கை) நிறையப் பார்த்துவிட்டேன். படிக்கும்போதே தையல் தெரியும். மூன்று பொருந்துகின்றன, ஒன்று பொருந்தவில்லை என்பது உண்மையான ஒரு மாணவியின் கதை மாதிரி இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

எஸ்ஓபியில் இடத்தைச் சமமாகப் பங்கிடாதீர்கள்

நீங்கள் அனுப்பிய வரைவில் நான்கு பத்தி, நான்கு லேப், எல்லாம் ஒரே அளவு. ஆண்டு வரிசைப்படி போகிறது. அது சிவி செய்ய வேண்டிய வேலை. சிவியில் நான்கையும் தேதியோடு போட்டுவிட்டீர்கள் என்றால், எஸ்ஓபிக்கு அந்தக் கடமை இல்லை. பாதி இடத்தைப் பறவைப் புராஜெக்டுக்கும் மீன் லேப்புக்கும் கொடுங்கள். இலைத்துளைக்கு மூன்று வரி போதும், ஆனால் அது முதலில் வரலாம். புரதத்துக்கு ஒரு வரி அல்லது இரண்டு. கடைசிப் பகுதி, அந்தத் துறையில் யாருடன் என்ன கேள்வியைத் தொடர விரும்புகிறீர்கள் என்பதற்கு. ஒவ்வோர் இடத்துக்கும் மாற்றி எழுத வேண்டிய பகுதி அதுதான்.

உங்கள் வரைவிலிருந்து ஓர் இடம். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: "மூன்றாம் ஆண்டில் ஒரு நரம்பியல் லேப்பில் சேர்ந்து ஜீப்ரா மீன்களைப் பற்றி நிறையக் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவம் ஆராய்ச்சி மீதான என் ஆர்வத்தைப் பெருக்கியது." இதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து நான் எழுதினால் இப்படி வரும்:

"குஞ்சு மீன் திடுக்கிட்டுத் திரும்புவதை வீடியோவில் பார்த்துக் கையால் குறிப்பது என் வேலை. ஒரே வீடியோவை நானும் இன்னொரு மாணவரும் தனித்தனியாகக் குறித்தபோது எண்கள் ஒத்துவரவில்லை. எந்தக் கோணத்துக்கு மேல் போனால் அதைத் திருப்பம் என்று எண்ணுவது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கோணத்தைத் தானாக அளக்கும் நிரல் ஒன்றை எழுதி, பழைய வீடியோக்களை அதில் ஓட்டினேன். நாங்கள் முரண்பட்டவை பெரும்பாலும் மெதுவான திருப்பங்கள் என்று தெரிந்தது."

இதில் ஆர்வம் என்ற சொல்லே இல்லை. படிப்பவருக்கு அது தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. மீன் லேப்பின் கட்டுரை வெளிவந்துவிட்டதால் அதைப் பற்றித் தாராளமாக எழுதலாம். பறவைப் புராஜெக்டின் முடிவுகள் இன்னும் வெளிவரவில்லை. எண்களையும் முடிவையும் எழுதுமுன் கைடிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தரவு உங்களுடையது மட்டும் இல்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர்களில் அதே துறைக்காரர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பாதியில் விட்ட லேப்

இதை மறைத்துவிடலாமா என்பதுதான் உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி எழுதியிருக்கிறீர்கள். எஸ்ஓபியில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் சில விண்ணப்பப் படிவங்கள் ஆய்வு அனுபவம் எல்லாவற்றையும் பட்டியலிடச் சொல்லும். அங்கே தெரிந்தே ஒன்றை விடுவது வேறு சங்கதி. படிவத்தின் கடைசியில் தகவல்கள் முழுமையானவை என்று உறுதி கூறி ஒப்புதல் கொடுக்கிறீர்கள். அது போக, மதிப்பெண் பட்டியலில் அந்தப் புராஜெக்ட் கிரெடிட்டாக ஏறியிருந்தால் எப்படியும் தெரிந்துவிடும்.

சிவியில் 5 மாதம் என்று தேதியோடு போடுங்கள். எஸ்ஓபியில், உருவகப்படுத்தலில் என்ன கற்றீர்கள் (பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில் வேலைகளை ஓட்டுவது, ஒரே கணக்கை வெவ்வேறு தொடக்கத்திலிருந்து திரும்ப ஓட்டிப் பார்ப்பது), எதைத் தெரிந்துகொண்டு விலகினீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். கைடைப் பற்றி ஒரு சொல் கூட வேண்டாம். அவர் நடத்திய விதம் சரியில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். ஆனாலும் படிப்பவர் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்கிறார். அவருக்குத் தெரியப்போவது, இந்த மாணவி நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படி எழுதுவாரோ என்பது மட்டும்தான். அந்தக் கைடிடம் பரிந்துரை கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மூன்று கடிதம் கேட்கிறார்கள், உங்களிடம் மூன்று பேர் இருக்கிறார்கள்.

கடிதம் யாரிடம் வாங்குவது

பெரிய பெயர் இருந்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. பெரிய பேராசிரியர் எழுதும் "இந்த மாணவி என் லேப்பில் இருந்தார், நன்றாக வேலை செய்தார் என்று அறிகிறேன்" என்ற நாலு வரிக் கடிதம் கெடுதலே செய்யும். அவ்வளவு பெரிய லேப்பில் 10 வாரம் இருந்தும் சொல்ல ஒன்றும் இல்லையா என்று படிப்பவருக்குத் தோன்றும். நிரலைப் பற்றி, நீங்கள் எண்களைத் துரத்திய விதத்தைப் பற்றி எழுதக்கூடியவர் போஸ்ட்டாக்தான்.

ஆனால் போஸ்ட்டாக்கின் கடிதம் மட்டும் என்றால் சில குழுக்கள் எடை குறைவாக எடுத்துக்கொள்ளும். வழக்கமான வழி இரண்டையும் சேர்ப்பது: போஸ்ட்டாக் விவரமாக எழுத, பேராசிரியர் தன் பார்வையைச் சேர்த்து இருவரும் கையெழுத்திடும் ஒரே கடிதம். இது சகஜம், கேட்கத் தயங்க வேண்டாம். இரண்டாவது கடிதம் பறவைப் புராஜெக்ட் கைடு. மூன்றாவது தாவரவியல் லேப். அது பழையது, 8 வாரம்தான் என்று சந்தேகப்படுகிறீர்கள். நீங்களும் இன்னொருவரும் எண்ணிக்கையை மாற்றிச் சரிபார்த்தது அந்த லேப்பின் கைடுக்கு நினைவிருந்தால், வகுப்பில் நல்ல மதிப்பெண் கொடுத்த ஆசிரியரின் கடிதத்தைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த "நீயே எழுதிக் கொண்டு வா" விஷயம். நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது. பல இடங்களில் இது பழக்கமாகிவிட்டது என்றாலும், கடிதம் எழுதுபவரின் சொந்த மதிப்பீடு என்று நம்பித்தான் குழு படிக்கிறது. உங்கள் எஸ்ஓபியும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் அனுபவசாலிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். மறுத்துச் சண்டை போடச் சொல்லவில்லை. "எழுத வசதியாக இருக்கும் என்று விவரங்களைத் தொகுத்துத் தருகிறேன்" என்று சொல்லி ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்னென்ன செய்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள், எங்கெங்கே விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதிகள். அதை வைத்து எழுதுவது அவர் பொறுப்பு. அதற்கும் அவர் மனம் வைக்கவில்லை என்றால், ஆளை மாற்றுங்கள்.

உரிமை பற்றி ஒரு சேதி. அமெரிக்க விண்ணப்பங்களில், பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். இது 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் சட்டத்தால் வந்தது. உரிமையை ஏன் இழக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். சட்டப்படி விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த உரிமை, அங்கே சேர்ந்து படிக்கும் மாணவருக்குத்தான். இடம் கிடைக்காதவருக்கு அதனால் பயன் இல்லை. விட்டுக்கொடுக்காத கடிதத்தைப் படிப்பவர்கள் முழுக்க நம்புவதும் இல்லை. விட்டுக்கொடுங்கள்.

நன்றிப் பகுதியில் மட்டும் பெயர்

இதில் உங்களையும் கொஞ்சம் திருத்த வேண்டும், உங்களிடம் பேசியவரையும் திருத்த வேண்டும். "10 வாரம் உழைத்தேன், பெயர் வந்திருக்க வேண்டும்" என்கிறீர்கள். உழைத்த நேரத்தை வைத்துப் பெயர் வருவதில்லை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறியில் நான்கு நிபந்தனைகள் உண்டு: ஆய்வின் வடிவமைப்பிலோ, தரவு சேகரிப்பிலோ, பகுப்பாய்விலோ குறிப்பிடத்தக்க பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். அந்த வகையில் நன்றிப் பகுதி அவமானம் ஒன்றும் இல்லை.

அதே சமயம், "இளங்கலை மாணவர் பெயரைப் போடுவதில்லை" என்று உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அப்படி ஒரு நெறி கிடையாது. படிப்பின் நிலை அந்த நான்கில் இல்லை. முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு, எழுதுவதிலும் திருத்துவதிலும் பங்கெடுக்க வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் அதே நெறி சொல்கிறது. வெளிவந்த கட்டுரையை இப்போது கிளறுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கும் நேரத்தில் இழப்புதான் அதிகம். பறவைப் புராஜெக்டில் அதே தவறு நடக்காமல் இப்போதே பேசிவிடுங்கள்: "கட்டுரையாக வந்தால் நான் எந்தப் பகுதியை எழுதலாம்?" என்று கேட்டால் போதும்.

மற்றபடி பேப்பர் இல்லாமல் இடம் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். இளங்கலையில் பேப்பர் இல்லாதவர்கள் நிறையப் பேர் சேர்கிறார்கள். சிவியில் "தயாரிப்பில் உள்ளது" என்று மூன்று தலைப்பு போட்டு ஒப்பேற்றவும் வேண்டாம். வரைவு எங்கே என்று நேர்காணலில் கேட்பார்கள்.

எங்கே விண்ணப்பிப்பது

உங்களைப் போன்றவருக்கு இதுதான் முக்கியமான தேர்வு. அமெரிக்காவின் பல உயிர் மருத்துவ பிஎச்டி திட்டங்களில் முதல் ஆண்டில் வழக்கமாக மூன்று லேப்களில் சில வாரங்கள் வீதம் சுற்றிவந்து, அப்புறம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கே பலவற்றைத் தொட்டுப் பார்த்தவர் என்பது ஒரு தகுதி. சூழலியல், பரிணாமத் துறைகளில் நடைமுறை வேறு. பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பேராசிரியரே உங்களை எடுக்கிறார். விண்ணப்பிக்கும் முன்பே, செப்டம்பர் அக்டோபர் வாக்கில் அவருக்கு மெயில் போட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டணம் கட்டுவது வீண். மெயில் பத்து வரிக்குள் இருக்கட்டும்: உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்த வேலை அதைத் தொடுகிறது, இடம் இருக்கிறதா.

ஐரோப்பாவை ஒரே பட்டியலில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பிஎச்டிக்குப் பொதுவாக முதுகலை தேவை. பெரும்பாலான இடங்கள் வேலை விளம்பரம் மாதிரி, புராஜெக்ட் முன்கூட்டியே முடிவாகி வரும். அங்கே உங்கள் கதைக்கு அவ்வளவு மதிப்பில்லை. அந்தப் புராஜெக்டுக்குத் தேவையான திறமை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதுகலைக்கு அங்கே போவது நல்ல யோசனைதான், ஆனால் அது தனி விண்ணப்பம், தனி எஸ்ஓபி.

15 அதிகம். ஏழெட்டு இடத்துக்கு ஒழுங்காக மாற்றி எழுதிய எஸ்ஓபி, 15 இடத்துக்குப் பெயரை மட்டும் மாற்றியதைவிட மேல். பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பக் கட்டண விலக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள். ஜிஆர்இ (முதுநிலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) பற்றி நீங்கள் படித்தது பழைய தகவல்: 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவுதான், உயிரியலில் நிறையத் திட்டங்கள் அதைக் கேட்பதையே விட்டுவிட்டன. பட்டியலில் யாரும் கேட்கவில்லை என்றால் எழுதாதீர்கள்.

ஓர் ஆண்டு இடைவெளி விட்டு ஆய்வு உதவியாளராக வேலை பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பறவைப் புராஜெக்ட் பிடித்திருக்கிறது, ஆனால் அதையே ஐந்தாறு ஆண்டு செய்ய முடியுமா என்று தெரியவில்லை என்றால், நல்ல வழி. விண்ணப்பத்தில் ஐந்தாவதாக ஒரு லேப் சேர்க்க மட்டும் என்றால் வேண்டாம்.

தேதிகள், பிறகு ஒரு கேள்வி

பெரும்பாலான அமெரிக்கத் திட்டங்களுக்குக் கடைசித் தேதி டிசம்பர் முதல் பாதியில் வரும். நேர்காணல்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. பரிந்துரையாளர்களிடம் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நிதியுதவியுடன் இடம் கிடைத்தால், "ஒரு வாரத்தில் முடிவு சொல்" என்று யாராவது அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். பட்டப்படிப்புப் பள்ளிகள் மன்றத்தின் (Council of Graduate Schools) ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்கள், அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. எந்தெந்த நிறுவனங்கள் என்ற பட்டியல் மன்றத்தின் இணையதளத்தில் இருக்கிறது.

நேர்காணலில் ஒரு கேள்வி அநேகமாக வரும்: "இரண்டாம் ஆண்டில் அந்த லேப்பை ஏன் விட்டீர்கள்?" கடிதத்தில் அதற்கு நீங்கள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டு வாக்கியமாக்கி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "உருவகப்படுத்தலில் கேள்வியை விட முறையில்தான் என் நேரம் போனது, அளவீடு நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க விரும்பினேன்" என்பது மாதிரி, உங்களுக்கு எது உண்மையோ அது. குரல் மாறாமல் சொல்ல வரும்வரை பழகுங்கள். சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அடுத்த கேள்வியை அவர்கள் கேட்கட்டும்.